பதினோராம் வளைவுப் பாட்டு

என் பழுப்பு அட்டை நோட்டில், போன புரட்டாசி மூன்றாம் ஞாயிற்றுக்கு உரிய பக்கம் இப்படித் தொடங்குகிறது:

"காலை 6.40. முந்தல் சாவடி. லேசான தூறல். ஜீப்பில் வேப்பம் புண்ணாக்கு மூட்டை பன்னிரண்டு, பெண்கள் மூன்று, ஓட்டுநர் ஒருவர். பாட்டு எண் 1 தொடங்கியது. முதல் வளைவு 6.47."

இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த சினிமாப் பாட்டு எது என்று முடிவு செய்ய வேறு எந்த ஊரிலாவது புண்ணாக்கு மூட்டை ஏற்றினார்களா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் ஏற்றினோம். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை, பெருமைதான் இருக்கிறது.

தபால் அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். காலையில் முதல் வேலை முத்திரைக் கட்டையில் தேதியை மாற்றுவது. அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. என்ன நடந்தாலும் நாளும் நேரமும் போட்டு எழுதி வைப்பேன். மிச்ச நேரம் கிளை நூலகத்தில் போகும். அங்கே இருக்கும் வாசகர் வட்டத்தில் நானும் ஒருத்தி. வட்டத்தின் தலைவர், கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர்.

சென்ற ஆடி மாதம் நகரத்துப் பத்திரிகை ஒன்றில், கடந்த நூற்றாண்டின் நூறு சிறந்த பாடல்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. பேராசிரியர் அதைக் கத்தரித்துக் கொண்டுவந்தார். நூலக ஆண்டு விழாவுக்கு அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சட்டம் போட்டு, வாசலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டலாம் என்றார். சட்டம் ஏற்கெனவே இருந்தது, கண்ணாடியோடு, ஒன்றே ஒன்று. அந்தச் சுவரில் இடமும் ஒன்றுக்குத்தான்.

நான் பட்டியலை இரண்டு முறை படித்தேன். நல்ல பாட்டுகள்தான். ஆனால் எங்கள் மலைச்சரிவில் தினமும் கேட்ட பாட்டுகளில் மூன்றுகூட அதில் இல்லை. போடியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் விடிவதற்குள் ஜீப்பில் ஏறி, ஏலத்தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் இறங்கி வருகிற பெண்களைக் கேட்டு நாமே ஒரு பட்டியல் போடலாமே என்றேன்.

பேராசிரியர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்பு. "பாட்டு கேக்குறது வேற, தரம் பிரிக்கிறது வேறம்மா. அதுக்கு ஒரு பயிற்சி வேணும்" என்றார்.

ஏலக்காயைத் தரம் பிரிக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் இதைச் சொன்னார். ஆண்டு விழாவுக்குள் இருபத்தைந்து பாட்டுகளின் பட்டியலைக் கொண்டுவருகிறேன், தப்பு இருந்தால் உங்கள் பட்டியலையே மாட்டிக்கொள்ளுங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றார். நான் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நான் எங்கள் பிறந்த ஊரான சிலமலையிலிருந்து பஸ்ஸில் போடிக்குப் போய்ப் பள்ளி இறுதி முடித்துத் தபால் தேர்வு எழுதிய காலத்தில், அவள் அதே சிலமலையிலிருந்து ஜீப்பில் மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வருடம் போனாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, புளி கரைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஊரு ஒலகத்துல நடந்ததெல்லாம் தேதி போட்டு வச்சிருக்க. எனக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்னு இத்தன வருசத்துல ஒருக்காச்சும் கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. அதனால் முதல் ஓட்டை அவளிடமே வாங்கினேன். "பதினோராம் வளவுப் பாட்டு" என்றாள். குறித்துக்கொண்டேன்.

இதை விளக்க வேண்டும். மலை அடிவாரத்து முந்தலில் தொடங்கி உச்சியிலுள்ள போடிமெட்டு வரை மலைப்பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை உண்டு. கேசட் காலத்தில் ஜீப்புகள் முந்தல் சாவடியைத் தாண்டியதும் கேசட்டைப் போடுவது வழக்கம். அதற்கு முன்னால் போட மாட்டார்கள். ஊருக்குள் போலீஸ், கடைவீதி, ஏறுகிற ஆட்களின் சத்தம். ஒரு ஜீப்பில் பிரபலமான ஒரு கேசட்டை மற்ற ஜீப்புக்காரர்களும் பிரதி எடுத்துக்கொண்டதால், எல்லா ஜீப்பிலும் அதே பன்னிரண்டு பாட்டுகள் வருடக்கணக்கில் ஓடின. பாட்டு எந்த வளைவில் வருகிறதோ அதுவே அதன் பெயர். "அண்ணே, ஒம்பதாம் வளவ இன்னொருக்காப் போடுங்க" என்றால் ஓட்டுநருக்குப் புரிந்துவிடும். படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர் எதுவும் தேவையில்லை. ஏலக் கூடத்தில் ஏலக்காயைப் பார்க்கும் வியாபாரிகளுக்கும் அப்படித்தான். தட்டில் சரக்குக்குக் கொடுத்த லாட்டு நம்பர் மட்டும் இருக்கும், எந்தத் தோட்டம் என்று இருக்காது. பெயரைப் பார்த்து மயங்காமல் சரக்கைப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

ஆறு ஞாயிறுகள் அலைந்தேன். போடி சந்தையிலும், சிலமலையிலும், ராசிங்காபுரத்திலும், தோட்டத்துக்குப் போகிறவர்கள், முன்பு போய் இப்போது நின்றுவிட்டவர்கள் என்று பார்த்துப் பார்த்துக் கேட்டேன். ஆளுக்கு மூன்று பாட்டு. முதல் பாட்டுக்கு மூன்று மதிப்பெண், அடுத்ததற்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்று. கேசட்டில் இல்லாத பாட்டையும் சொல்லலாம், பலர் சொன்னார்கள். 2000 டிசம்பர் 31க்குள் வந்த பாட்டாக இருக்க வேண்டும் என்பது மட்டும் விதி. இதைப் பேராசிரியர் எதிர்த்தார். 1999 முடிந்ததுமே நூற்றாண்டு முடிந்துவிட்டது என்றார். பூஜ்யம் என்று ஓர் ஆண்டு கிடையாது, ஒன்றிலிருந்து எண்ணினால் நூறு முடிய வேண்டும் என்று நாட்காட்டியை வைத்து நிரூபித்தேன். வரலாற்றுப் பேராசிரியர் ஒப்புக்கொண்டார். அன்று வீட்டுக்கு வரும்போது கேசரி வாங்கிக்கொண்டு வந்தேன்.

யாரும் யோசிக்க நேரம் கேட்கவில்லை. நகரத்துப் பட்டியல்கள் பலவற்றை நான் படித்திருக்கிறேன். அவற்றைப் போடுகிறவர்கள் ஒரு பாட்டை எத்தனை முறை கேட்டிருப்பார்கள்? இந்தப் பெண்கள் ஒரே பாட்டை, வெறும் வயிற்றோடு, பனியில், தோள் இடிக்க உட்கார்ந்து, மாதத்துக்கு இருபத்தைந்து நாள் கேட்டவர்கள். அப்படியும் சலிக்காத பாட்டுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். இதைவிடக் கடுமையான தேர்வு எது?

பட்டியல் தயாரானது. முதலிடத்தில் பதினோராம் வளைவுப் பாட்டு, யாரும் நெருங்க முடியாத மதிப்பெண்ணோடு. அது எந்தப் பாட்டு என்று என் நாத்தனார் சொன்னாள். போடிக்காரி, அவளும் இருபது வருடம் மலைக்குப் போனவள். புல்லாங்குழலில் தொடங்கும் ஆண், பெண் இருவர் பாடும் பாட்டு. நல்ல எழுத்தில் முழுப் பட்டியலையும் எழுதி, விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அக்காவிடம் காட்டினேன். நாத்தனாரும் அன்று வந்திருந்தாள்.

அக்கா முதல் வரியை விரலால் தொட்டாள். "இதையா நான் சொன்னேன்? இது ஒம்பதாம் வளவுல்ல."

"பதினொண்ணுதான் மதினி" என்றாள் நாத்தனார். "கொழல் ஊதும்போது பலகயக் கண்ணால பாத்திருக்கேன்."

"நான் என்ன கண்ண மூடிட்டா போனேன்? பதினொண்ணுல வாத்தியமே இல்லாம ஒரு பொம்பளக் கொரல் மட்டும் எடுக்கும். பெறகுதான் தபலா சேரும். அது உங்களுக்குப் பதிமூணு, பதினாலுல வந்துச்சோ என்னமோ. நீங்க தூங்கிட்டுப் போயிருப்பீக."

"தூங்குறதுக்கு எங்க ஜீப்புல எடம் இருந்துச்சு மதினி. உங்க ஜீப்புல மூச்சு விடவே எடம் இல்ல."

நாத்தனார் குத்தலுக்காகச் சொன்னாள். எனக்கு அது கணக்காகக் கேட்டது. போடி ஸ்டாண்டில் வரிசையாக ஜீப்புகள் நிற்கும். கூட்டம் பிரிந்து ஏறும். சிலமலைக்கு அப்போது ஒரே ஜீப்பு. ஊர் மொத்தமும் அதில்தான். ராசிங்காபுரத்திலும் அதே கதை. பாரம் அதிகமான ஜீப்பு மெதுவாகத்தானே ஏறும்? மெதுவாக ஏறினால் பதினோராம் வளைவுக்கு வருவதற்குள் இன்னும் இரண்டு பாட்டு ஓடியிருக்கும்.

இரண்டு பாட்டுகளின் ஓட்டையும் ஒரே பாட்டின் கணக்கில் கூட்டியிருக்கிறேன். எண் இருந்தால் போதும், பெயர் எதற்கு என்று நினைத்தது தபால்காரப் புத்தி. பின்கோடு தப்பாது, வளைவு எண்ணும் தப்பாது என்று நம்பிவிட்டேன்.

அன்று சரியாகச் சாப்பிடவில்லை. நூலகத்தில் இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். பேராசிரியர் ஜீப்பில் ஏறியவர் இல்லை. அப்படியே மாட்டிவிட்டால் இருபது வருடம் தொங்கும். ஆனால் அக்கா அந்த வாசல் வழியாக ஒரு நாள் போனால், தன்னுடையது என்று எழுதப்பட்டிருக்கும் பட்டியலில் தான் சொல்லாத பாட்டைப் பார்ப்பாள். ஒரே ஒரு முறை கேட்டேன், அதையும் தப்பாகக் குறித்தேன் என்றாகிவிடும்.

அந்தக் கேசட்டின் சொந்தக்காரர் சிலமலை ஜீப்பின் பழைய ஓட்டுநர். இப்போது மகன் தோட்டங்களுக்கு லோடு அடிக்கிறான். இவரும் ஞாயிறுகளில் வண்டியை எடுப்பார். கேசட் போய்விட்டாலும் அதே வரிசையில் பென் டிரைவில் ஏற்றி வைத்திருந்தார். நிறைந்த வண்டியிலும் வெறும் வண்டியிலும் எந்தப் பாட்டு எந்த வளைவில் விழுகிறது என்று பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதும் கணக்குப் போட்டார்.

"வர்ற ஞாயித்துக்கெழம புண்ணாக்கு லோடு இருக்கு. பதினாறு ஆளு பாரத்துக்கு, நீங்க மூணு பேரு போக, பன்னெண்டு மூட்ட சரியா இருக்கும். லோடோட ஒருக்கா ஏறுவோம். எறக்கிட்டு வந்து வெறும் வண்டியா ஒருக்கா ஏறுவோம். வெரசாப் போகணும்னு மட்டும் கேக்கக் கூடாது. அப்ப எப்பிடிப் போனேனோ அப்பிடித்தான் போவேன்."

அப்படித்தான் அந்த ஞாயிறு வந்தது. முன்னால் ஓட்டுநரும் அக்காவும். பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் நானும் நாத்தனாரும், என் மடியில் நோட்டும் கடிகாரமும். ஓட்டுநர் ஏறும்போதே பெருமையாகச் சொன்னார், இந்தப் பாட்டு வரிசை தன்னுடைய மூளை என்று. போடியில் கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடையில் நின்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தாராம். அக்கா பனியைப் பார்த்துக்கொண்டு, "சரிண்ணே" என்றாள்.

வண்டி முனகிக்கொண்டு ஏறியது. நாத்தனார் ஒவ்வொரு வளைவிலும் பலகையைச் சத்தமாகப் படித்தாள்; நான் எழுதினேன். ஒன்பதாம் வளைவை நெருங்கும்போது புல்லாங்குழல் வந்தது. நாத்தனார் என்னைப் பார்த்தாள், நான் நிமிரவில்லை. ஆறாவது பாட்டு முடிந்ததும் ஓட்டுநர் பாட்டை நிறுத்தி அரை நிமிடம் கழித்துப் போட்டார். ஒரு பக்கம் முடிந்து கேசட்டைத் திருப்பிப் போடுகிற நேரத்தையும் சேர்க்க வேண்டும் என்று நான்தான் கேட்டிருந்தேன்.

நோட்டில் உள்ளபடி: 7.13, எட்டாவது பாட்டு தொடங்கியது. 7.15, பதினோராம் வளைவு.

வாத்தியம் இல்லாத அந்தக் குரல் எழுந்தபோது வண்டி முதல் கியரில் இருந்தது. எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரல் தனியாகக் கேட்டது. அக்கா பாடவில்லை. தபலா சேர வேண்டிய இடத்துக்கு ஒரு நொடி முன்னால் அவள் விரல் முன்பலகையில் ஒரு தட்டுத் தட்டியது. தபலா வந்து சேர்ந்துகொண்டது. என் பென்சில் நின்றுவிட்டது. அதனால் பன்னிரண்டாம் வளைவின் நேரம் என் நோட்டில் இல்லை. முப்பத்து நான்கு வருட முத்திரைக்காரிக்கு இது பெரிய குறை. பரவாயில்லை.

மேலே மூட்டைகளை இறக்கிவிட்டு, டீ குடித்து, முந்தலுக்கு இறங்கி, 11.05க்கு மறுபடி ஏறினோம். வெறும் வண்டி துள்ளிக்கொண்டு போனது. பதினோராம் வளைவு 11.30. புல்லாங்குழல் பாட்டு சரியாக அங்கே ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனார் அக்காவின் தோளைத் தட்டினாள்.

"பாத்தீகளா மதினி? நான் தூங்கல."

"இல்ல, தூங்கல. ஒன் பாட்டும் நல்ல பாட்டுத்தான்" என்றாள் அக்கா. அவள் வாயிலிருந்து இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. நாத்தனாருக்கும் அது தெரியும்.

திரும்பி வந்து நோட்டுகளைப் பரப்பினேன். யார் எந்த ஊர் என்று ஒவ்வொரு ஓட்டுக்கும் எழுதியிருந்தேன். என் பழக்கம் என்னைக் காப்பாற்றியது. ஒன்பது, பத்து, பதின்மூன்று என்று வளைவு எண் சொன்ன எல்லா ஓட்டுகளையும் ஊர்வாரியாகப் பிரித்தேன். சந்தேகம் வந்தவர்களைத் தேடிப்போய்ப் பாட்டின் முதல் வரியைப் பாடச் சொன்னேன். ஒரு வாரம் அதே சோலியாக இருந்தேன். கடைசியில் எட்டாவது பாட்டு முதலிடத்துக்கு வந்தது. புல்லாங்குழல் பாட்டு மூன்றாவது. இரண்டாவதாக நின்றது கேசட்டிலேயே இல்லாத ஒரு தாலாட்டு.

விழாவில் பட்டியலைப் படிப்பதற்கு முன்னால், என் தப்பைப் படித்தேன். முதல் கூட்டலில் எந்தப் பாட்டு முதலில் வந்தது, ஏன் வந்தது, எப்படிச் சரிசெய்தோம், எத்தனை மூட்டை, எத்தனை மணி, எல்லாம். தப்பு இருந்தால் உங்கள் பட்டியலை மாட்டலாம் என்று சொன்னது நான், தப்பு இருந்தது, அதனால் முடிவு பேராசிரியருடையது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அக்காவும் நாத்தனாரும் ஓட்டுநரும் கடைசி வரிசையில் இருந்தார்கள். அக்கா நூலகத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

பேராசிரியர் என் நோட்டை வாங்கி, அந்த ஞாயிற்றின் பக்கத்தை மெதுவாகப் படித்தார். நேரங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, தான் முன்பே சட்டத்தில் போட்டு வைத்திருந்த பத்திரிகைப் பட்டியலை அவரே உருவி எடுத்தார்.

"நூறு பாட்டுப் பட்டியல்ல எங்கயாவது இப்படி ஒரு பக்கம் இருக்கான்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். வரலாற்றுக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான்; நான் கேட்காமல் விட்டது. "எல்லா ஜீப்புலயும் இதே வரிசைதான்னா, அந்த வரிசைய மொதல்ல போட்டது யாரு?"

எல்லோரும் ஓட்டுநரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். நூலகம் என்பதாலோ, இவ்வளவு பேர் பார்த்ததாலோ, ஜீப்பில் சொன்னதை அவர் அங்கே சொல்லவில்லை. கடையில் நின்று பதிவு செய்து வாங்கியது மட்டும்தான் தான் என்றார். "எங்க ஜீப்புல வர்ற புள்ள ஒண்ணு துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்துச்சு. யாருன்னு இப்ப நெனப்பு இல்ல சார்."

அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு, அந்தச் சீட்டை எழுதியது நீதானா என்று நேராகக் கேட்டேன். முதலில் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை வைத்தாள்.

"பதினோராம் வளவுலதான் எல்லாருக்கும் வயித்தக் கொமட்டும். நெறஞ்ச வண்டி, மொதக் கியரு, பொகை. அங்கன அந்தப் பாட்டு வந்தாக் கொஞ்சம் தாங்கும்னு தோணுச்சு. அதுக்குத் தக்கன மத்தத எழுதுனேன். ரெண்டு தடவ மாத்திக் குடுத்தேன் அந்தக் கடைக்காரருக்கு. அதுல என்ன இருக்கு?"

அதில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்டாள். தரம் பிரிக்கப் பயிற்சி வேண்டும் என்று ஆடி மாதம் ஒருவர் சொன்னதை அவளிடம் நான் சொன்னதில்லை. அப்போதும் சொல்லவில்லை.

பட்டியல் இப்போது நூலகத்தில், வாசலுக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. பாட்டுகளின் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் போடிக்கு வந்து பார்க்கலாம், திறந்திருக்கும் நேரத்தில்.

துண்டுச்சீட்டைத் தேடினேன். பதிவுக்கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. கடைக்காரர் குடும்பம் எங்கே போனது என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. எட்டாவது பாட்டு போடி ஜீப்பின் கணக்கில் அல்லாமல், நிறைந்த சிலமலை ஜீப்பின் கணக்கில் பதினோராம் வளைவில் விழுகிறது என்பது அக்கா சொல்வதற்குச் சாதகமான சான்று. எதிரான சான்று ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் எழுத்தில் எதுவும் இல்லை. அதனால் பட்டியலின் அடியில், சிறிய எழுத்தில், என் கையாலேயே இப்படி எழுதியிருக்கிறேன்:

"கேசட்டின் பாட்டு வரிசையை அமைத்தவர் சிலமலையைச் சேர்ந்த ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண் என்று சொல்லப்படுகிறது. இது இன்னும் சரிபார்க்கப்படவில்லை."